கடிகாரம் சொல்லும் 1,380

அன்புள்ள ரேஸ்கோர்ஸ் காலை நடைக் குழுவினருக்கு,

போன செவ்வாய்க்கிழமை கம்பங்கூழ் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினோமே, அதற்கு அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆறேமுக்கால் மணிச் சலசலப்பில் என் குரல் எடுபடவில்லை. நின்றவாக்கில் சொல்லி முடிக்கிற சங்கதியும் இல்லை. இப்போது நம்மில் பாதிப் பேர் கையில் கலோரி காட்டும் ஸ்மார்ட் கடிகாரம் ஏறிவிட்டதால் எல்லாருக்குமாகவே எழுதுகிறேன். டல்லாஸிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வாங்கி அனுப்பியவை. அவர்கள் பிரியத்தில் ஒரு குறையும் இல்லை.

வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற நம் சார் அன்றைக்குக் கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினார். முந்தின நாள் முழுக்க அவர் உடம்பு செலவழித்தது 1,380 கலோரியாம். மகள் சொல்லிக்கொடுத்த செயலியில் சாப்பாட்டைப் பதிந்தால் 1,600 வருகிறதாம். "வரவு அதிகம், செலவு கம்மி. பேங்குக்கு நல்லது, வயித்துக்கு ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு, ராத்திரி நான்கு இட்லி சாப்பிட்டவர் இரண்டோடு நிறுத்திவிட்டதாக அறிவித்தார். மூன்று பேர் தலையாட்டினீர்கள். இன்னொருவர், தான் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டு இரண்டு மாதம் ஆகிறது என்றார். "அதான் ஆளு எளச்சு ஜம்முனு இருக்கீங்க" என்று பாராட்டும் கிடைத்தது.

எனக்கு அந்த ‘ஜம்’மைப் பார்த்துத்தான் பயம். சாரின் கணக்கை அவர் அனுமதியோடுதான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நான் 31 வருஷம் ஒரு மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் ஆய்வகத்தில் இருந்தவன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். ஆள் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று பார்க்க எங்களிடம் பெனடிக்ட்-ராத் கருவி என்று ஒன்று இருந்தது. மூக்குக்கு ஒரு கிளிப், வாயில் ரப்பர் குழாய். தண்ணீரில் மிதக்கும் உலோக மணிக்குள் ஆக்ஸிஜன். வெளிவிடும் கரியமில வாயுவைச் சோடா சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். ஆள் மூச்சு விட விட மணி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், சுழலும் உருளையில் பேனா சாய்கோடு போடும். கோடு எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு ஆக்ஸிஜன் செலவு. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 4.8 கலோரி. (சரியாகச் சொன்னால் கிலோ கலோரி. ஊரெல்லாம் ‘கிலோ’வை விழுங்கிவிட்டது, நானும் விழுங்கிக்கொள்கிறேன்.) மாணவர்கள் யாராவது சிரித்துவிட்டால் கோடு கோணிவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

உடம்பின் செலவை அளப்பது என்றால் இதுதான். மூச்சைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு விடுகிற வெப்பத்தைப் பிடிக்க வேண்டும். 1780களில் பாரிஸில் வேதியியலாளர் லவாய்சியே ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, உருகி வழிந்த தண்ணீரை அளந்த காலத்திலிருந்து இதுதான் வழி. உங்கள் கடிகாரம் மூச்சையும் பிடிப்பதில்லை, வெப்பத்தையும் பிடிப்பதில்லை. மணிக்கட்டு எவ்வளவு ஆடுகிறது, நாடி எவ்வளவு துடிக்கிறது என்று பார்க்கிறது. வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்று முதல்நாள் கேட்டு வைத்துக்கொள்கிறது. மீதியெல்லாம் சூத்திரம்.

அந்தச் சூத்திரங்களின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இவற்றின் பாட்டன் 1919-இல் பாஸ்டனில் பிறந்தது. ஹாரிஸ், பெனடிக்ட் என்ற இருவர், 136 ஆண்களையும் 103 பெண்களையும் அளந்து போட்ட கணக்கு. எங்கள் கருவியின் பெயரில் இருக்கிற அதே பெனடிக்ட்தான். அளக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளவட்டங்கள். பிறகு 1985-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து புதுச் சூத்திரங்களை வெளியிட்டன. பின்னணியில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரின் அளவுகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதில் ஏறத்தாழ பாதிப் பேர் இத்தாலிக்காரர்கள். அறுபது தாண்டிய ஆண்கள் 50 பேர், பெண்கள் 38 பேர். உலகத்துப் பாட்டிகள் எல்லாருக்கும் சேர்த்து முப்பத்தெட்டே பேர்! அந்தச் சூத்திரங்கள் நம்மைப் போன்ற வெப்பநாட்டுக்காரர்களின் ஓய்வுநிலைச் செலவை 8 முதல் 10 விழுக்காடு வரை கூட்டிச் சொல்கின்றன என்பது பின்னால் தெரிந்தது. 2005-இல் ஹென்றி என்ற ஆய்வாளர் இத்தாலியர்களை விலக்கி, வெப்பநாட்டு மக்கள் நான்காயிரம் பேரைச் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டார்.

சும்மா ஒரு சோதனை செய்து பார்த்தேன். 72 வயது, 52 கிலோ, 150 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் குழுவிலேயே அந்த அளவில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அசையாமல் படுத்திருந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு? 1919 சூத்திரம் 1,093 என்கிறது. 1985 சூத்திரம் 1,142. இன்றைக்குச் செயலிகளில் அதிகம் புழங்கும் 1990-இன் மிஃப்ளின் சூத்திரம் 937. ஒரே அம்மா, ஒரே நாள், படுத்தபடி. வித்தியாசம் 200 கலோரிக்கு மேல். நம்மூர் அளவில் மூன்று இட்லிக்குக் குறையாது. இதற்குமேல் வேலைக்கான பெருக்கலைப் போட வேண்டும். வீட்டோடு இருப்பவருக்கு 1.4, ஓடியாடி இருப்பவருக்கு 1.7 என்று வைத்தால் விடை 1,312-இல் தொடங்கி 1,941 வரை போகிறது. கடிகாரம் நம்மிடம் இந்த இழுபறியைச் சொல்வதே இல்லை. கடைசி இலக்கம் வரை தெரிந்ததுபோல ஒற்றை எண்ணைப் பளிச்சென்று காட்டுகிறது. அதன்மேல் எனக்கு இருக்கும் பெரிய கோபம் இதுதான்.

நடைக்குப் போடும் கணக்கும் இந்த மாதிரிதான். ஒரு வேலைக்கு ‘மூன்று மெட்’, ‘நான்கு மெட்’ என்று பட்டியல் போட்டிருப்பார்கள். ஒரு மெட் என்றால் சும்மா உட்கார்ந்திருக்கும் செலவு: கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன். 2005-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில் 769 பேரை ஓய்வில் வைத்து அளந்தபோது சராசரி 2.6-தான் வந்தது. ஆக, அடிக்கல்லே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயரம் கூடி நிற்கிறது. நம் வயதில் தசை குறைந்துபோவதால் உட்கார்ந்திருக்கும் செலவும் குறைவு. ஆனால் நடக்கும்போது கதை மாறுகிறது. முழங்கால் தேய்ந்து, விழாமல் இருக்க எதிரெதிர்த் தசைகளை ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடித்து நடப்பதால், அதே வேகத்தில் போகும் இளைஞனைவிட நமக்கு அதிகம் செலவாகிறது. ஒரு பக்கம் கூட்டிச் சொல்லும் சூத்திரம், இன்னொரு பக்கம் குறைத்துச் சொல்கிறது. இரண்டு தப்பும் கழித்துக்கொண்டு சரியாகிவிடும் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு வகைக் கைக்கருவிகளை 60 பேர் கையில் கட்டி, மூச்சை அளக்கும் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாடித்துடிப்பை ஏழில் ஆறு நன்றாகவே சொல்லின. கலோரியில்? இருப்பதிலேயே நல்லது 27 விழுக்காடு தவறியது. மோசமானது 93 விழுக்காடு. அதற்குப் பிறகு கருவிகள் தேறியிருக்கலாம். மணிக்கட்டிலிருந்து வயிற்றை எட்டிப் பார்க்கும் சிக்கல் தேறவில்லை.

இப்போது சாரின் 1,380-க்கு வருகிறேன். அவருக்கு 74 வயது, 58 கிலோ, 165 சென்டிமீட்டர். 1919, 1985, 1990 சூத்திரங்களில் எதைப் போட்டாலும் படுத்திருக்கும் செலவே 1,190-க்கும் 1,270-க்கும் இடையில் வருகிறது. அதிலிருந்து 1,380 என்றால், நாள் முழுக்கக் கட்டிலைவிட்டு அதிகம் இறங்காதவர் என்று அர்த்தம். தினமும் இரண்டு சுற்று வருகிற மனிதர்! மாடிவீடு, பால் பாக்கெட்டுக்கும் பேப்பருக்கும் அவர்தான் இறங்கி ஏறுகிறார். பிறகு எப்படி அந்த எண் வந்தது? அவர் நடப்பதைப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் நடப்பார். மணிக்கட்டு ஆடாது. கடிகாரத்தைப் பொறுத்தவரை அவர் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். போதாததற்கு இரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடும் மாத்திரை இதயத்தை மெதுவாகத் துடிக்கவைக்கிற வகை. மூச்சு வாங்க ஏறினாலும் நாடி ஏறாது. நம்மில் எத்தனை பேர் அந்த மாத்திரை சாப்பிடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஊன்றுகோலோ தள்ளுவண்டியோ பிடித்து நடப்பவர்களுக்கும், துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

ஆனால் இந்த வாதமெல்லாம் தேவையே இல்லாத ஒரு சாட்சி சாரிடமே இருக்கிறது. போன தீபாவளிக்கும் 58 கிலோ, இந்தச் சித்திரைக்கும் 58 கிலோ என்று அவரே சொன்னார். தினம் 220 கலோரி மிச்சமாகிறது என்றால் ஆறு மாதத்தில் நாற்பதாயிரம் கலோரி தேங்கியிருக்கும். ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 7,700 என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் சுமார் ஐந்து கிலோ ஏறி, பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லையே! அப்படியென்றால் அவர் சாப்பிடுவதும் செலவழிப்பதும் சமம் என்று அவருடைய பெல்ட் ஆறு மாதமாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. நமக்கு வீட்டிலேயே கிடைக்கிற மிக நம்பகமான அளவை இதுதான், காசும் கிடையாது. பெல்ட்டை விட்டுவிட்டுக் கடிகாரத்தை நம்பி இரண்டு இட்லியைக் குறைத்தால், இல்லாத மிச்சத்தைக் கழிக்கிறார் என்று ஆகிறது.

உண்மையான அளவை உலகத்தில் இல்லாமல் இல்லை. அது ஒரு டம்ளர் தண்ணீர். சாதாரணத் தண்ணீர் இல்லை. அதில் இருக்கும் ஹைட்ரஜனிலும் ஆக்ஸிஜனிலும் கொஞ்சம் கனமான வகை. குடித்துவிட்டு உங்கள் பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம், சந்தைக்குப் போகலாம், பேரனைத் தூக்கலாம். ஒன்றிரண்டு வாரம் அவ்வப்போது சிறுநீர் கொடுத்தால் போதும். கன ஹைட்ரஜன் தண்ணீராக மட்டும் வெளியேறும். கன ஆக்ஸிஜன் தண்ணீராகவும் மூச்சின் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசமே நீங்கள் விட்ட மூச்சின் கணக்கு. மின்னசோட்டாவில் லிஃப்சன் என்பவர் 1950களில் எலிகளில் செய்து காட்டினார். அந்தத் தண்ணீரின் விலையால் மனிதர்களிடம் வர 1982 ஆயிற்று. எனக்கு ஆய்வகத்தில் இருந்தவரை அதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அப்படி 29 நாடுகளில் அளந்த 6,421 பேரின் கணக்குகளை ஒன்றாகச் சேர்த்து 2021-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பிறந்து எட்டே நாளான குழந்தை முதல் 95 வயது வரை. நாற்பதில் தொப்பை போட்டதற்கு ‘வயசாச்சு, உடம்பு எரிக்கிறது இல்ல’ என்று நாம் சொன்னதெல்லாம் பொய் என்று அதில் தெரிந்தது. உடம்பின் அளவைக் கழித்துப் பார்த்தால் இருபதிலிருந்து அறுபது வரை செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் இருக்கிறது. அறுபதுக்குப் பிறகுதான் இறக்கம், அதுவும் வருஷத்துக்கு 0.7 விழுக்காடுபோல. 74 வயதில் அது பத்து விழுக்காட்டுக்குப் பக்கம். தொண்ணூறுகளில்தான் கால் பங்கு குறைகிறது. இறக்கம் உண்மை. நாம் பயப்படுகிற அளவுக்கு அது செங்குத்து இல்லை.

ஆஸ்பத்திரிச் சுவர்களில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்து இன்னொரு குழப்பமும் வருகிறது. உடலுழைப்பு குறைந்த ஆணுக்கு 2,110, பெண்ணுக்கு 1,660 என்று இருக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் கொடுத்த கணக்கு அது. அது 19 முதல் 39 வயதுக்குள் இருக்கும், 65 கிலோ ஆணுக்கும் 55 கிலோ பெண்ணுக்கும் ஆனது. அந்தப் பட்டியல் நம் பேரன்களுக்கு.

இவ்வளவு தூரம் ஏன் பதறுகிறேன் என்று கேட்பீர்கள். 1994-இல் என் அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை இருந்தது. 61 கிலோ. ஆய்வகத்துக்காரன் என்ற திமிரில் நானே கணக்குப் போட்டேன். சூத்திரம், பெருக்கல், அதிலிருந்து 400 கழித்தல். ராத்திரிச் சோறு போயிற்று, மத்தியானச் சோறு பாதியாயிற்று, நெய் அடுப்படியைவிட்டே போயிற்று. ஒன்பது மாதத்தில் 54 கிலோ. சர்க்கரையும் இறங்கியது. நோட்டில் வரைபடம் போட்டு டாக்டரிடம் பெருமையாகக் காட்டினேன். பிறகு ஒருநாள், சித்திரவதைக்கென்றே வந்த ஒரு வெயில் காலத்தில், தண்ணீர் லாரி வந்தபோது அம்மா குடத்தை இடுப்பில் ஏற்ற முடியாமல் தெருவிலேயே கீழே வைத்துவிட்டாள். அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. போன ஏழு கிலோவில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று என் வரைபடத்தில் இல்லை.

சரி, மறுபடி சாப்பிடச் சொன்னால் ஏறிவிடும் என்று நினைத்தேன். அம்மாவுக்குப் பசிக்கவில்லை. ‘பழகிருச்சுப்பா’ என்றாள். அதே 1994-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாகியிருந்ததை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். இளைஞர்களையும் முதியவர்களையும் மூன்று வாரம் குறைத்துச் சாப்பிடவைத்துவிட்டு, பிறகு இஷ்டப்படி சாப்பிடுங்கள் என்று விட்டிருக்கிறார்கள். இளைஞர்கள் தின்று தீர்த்துப் பழைய எடைக்குத் திரும்பினார்கள். முதியவர்கள் திரும்பவில்லை. இருபது வயதில் விரதம் இருந்தால் உடம்பு வட்டியோடு வசூலிக்கும். எழுபதில் அது கேட்கவே மறந்துவிடுகிறது. ராத்திரிச் சாப்பாட்டை விட்ட நண்பரே, பசிக்கவில்லை என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடல் பருத்து முழங்கால் தாங்காதவர்கள், சர்க்கரை கட்டுக்கடங்காதவர்கள் குறைக்கத்தான் வேண்டும். மருத்துவர் பார்வையில், மெதுவாக, கூடவே தசைக்கு வேலை கொடுத்து. மற்றவர்களுக்கு, ஐரோப்பிய ஊட்டச்சத்து அமைப்பு முதியவர்களுக்குச் சொல்லும் தோராயம் போதும்: கிலோ எடைக்கு 30 கலோரி, புரதம் குறைந்தது ஒரு கிராம். சாருக்கு அது 1,740 கலோரி, 58 கிராம் புரதம். நம்மூர்ச் சாப்பாட்டில் கலோரியைவிடப் புரதம்தான் இடிக்கும். கூழும் ரசஞ்சோறும் மட்டும் போட்டால் போதாது. முட்டை, மீன், தயிர், சுண்டல், நிலக்கடலை என்று எது ஒத்துக்கொள்கிறதோ அது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். முப்பது என்பது ஆரம்பப் புள்ளிதான், அதைத் திருத்த வேண்டியது எடை. மாதம் ஒருமுறை, ஒரே கருவியில், காலையில் வயிறு காலியானதும் பாருங்கள். ஆறு மாதத்தில் நீங்கள் நினைக்காமலே இருபதில் ஒரு பங்கு குறைந்தால், 60 கிலோவுக்கு 3 கிலோ, மருத்துவரிடம் போய்விடுங்கள். கால் வீங்கியிருந்தால் எடை பொய் சொல்லும், அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாகக் குழுவின் பெண்களுக்கு ஒன்று. ‘நாங்க ரெண்டாவது ரவுண்டு வர்றதில்ல, எங்களுக்குக் கம்மியாத்தான் காட்டுது’ என்று சொன்னீர்கள். பிட்ஸ்பர்க்கிலும் மெம்ஃபிஸிலும் 70 முதல் 82 வயது வரையுள்ள 302 பேருக்கு அந்தக் கனத் தண்ணீரைக் கொடுத்து அளந்து, ஆறு வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நாள்முழுக்க நடமாட்டத்தில் அதிகம் செலவழித்தவர்களில் இறந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவு. அப்படி என்னதான் செய்தார்கள் என்று கேட்டால், உடற்பயிற்சி, நடை என்று அவர்கள் சொன்ன கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. மாடிப்படி ஏறுவதும் சம்பள வேலைக்குப் போவதும்தான் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. வாசல் தெளித்து, மொட்டைமாடியில் துணி காயப்போட்டு, நாலு தடவை ஏறி இறங்கிவிட்டு ஆறு மணிக்கு இங்கே வருகிறீர்கள். அதில் பாதி நேரம் கடிகாரம் சார்ஜில் கிடக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு எடை பார்க்கும் கருவியைக் கூழ் வண்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன், ஒரு நோட்டும் கொண்டுவருகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பையில் இருக்கும் போனை எடுத்துவிட்டு ஏறுங்கள். சார், நீங்கள் அதுவரை நான்கு இட்லியே சாப்பிடுங்கள். ஐப்பசியில் மறுபடி ஏறும்போது 58-க்குக் கீழே வந்திருந்தால் ஐந்தாவது இட்லியைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
இரண்டாவது பெஞ்சில் உட்காரும் ஆய்வகத்துக்காரன்